இருமலில் நடந்த சமையல்

இன்று காலை பால் அடிப்பிடித்துவிட்டது. குற்றவாளி நானல்ல, கைப்பேசி. பால் அடிப்பிடிக்காமல் காய்ச்சுவது எப்படி என்று ஒரு பையன் காணொளியில் விளக்கிக்கொண்டிருந்தான். அதை வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் என் பால் கருகிப் போனது. முதலில் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, ஈரத்தோடு பாலை ஊற்ற வேண்டுமாம். தம்பி, இதை எங்கப்பா நீ பிறப்பதற்கு முன்னாலேயே வானொலியில் சொல்லிவிட்டார், அதுவும் ஒரு பொம்பளைப் பெயரில், என்று கைப்பேசியிடம் சொன்னேன். தெப்ராவில் ஒரு அடுக்குமாடிச் சமையலறையில் நின்றுகொண்டு கைப்பேசியோடு வாயாடும் வயது எனக்கு வந்துவிட்டது, என்ன செய்ய.

தீய்ந்த பால் வாடை என்றால் எனக்கு லாபிஸ் ஊர் ஞாபகம்தான். ஆனால் இங்கிருந்து லாபிசுக்கு ரயில் ஏறினால் குளுவாங் வழியாகத்தான் போக வேண்டும். நான் வளர்ந்த வீடு அங்கேதான் இருந்தது, நாமும் குளுவாங்கில் கொஞ்சம் இறங்கிவிட்டுப் போவோம்.

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். ஒரு மழை நாளில் லாரி வடிகாலில் சாய்ந்தது. லாரியைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள், அப்பாவின் முதுகைத்தான் நிறுத்த முடியவில்லை. இனி லாரிப் பக்கமே போகக்கூடாது என்றார் மருத்துவர். அம்மா செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்தார். விடிவதற்கு முன்னால் பேருந்து வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். சமையல் என் தலையில் விழுந்தது. நான் வடித்த சோற்றை அப்பா சில வாரம் பொறுமையாகச் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் எழுந்து வந்து, "நீ நகரு" என்றார். அன்று அடுப்படிக்குள் போனவர்தான், வெளியே வரவில்லை.

லாரிக்காரருக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. அந்தக் காலத்தில் காப்பிக் கடையில் வீட்டுக்குக் கொண்டுபோகப் பொட்டலம் கேட்டால் காலியான பால் டின்னில் காப்பியை ஊற்றி, ராபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டிக் கையில் தொங்கவிட்டு அனுப்புவார்கள். அப்படி வந்த டின்கள் எங்கள் வீட்டில் அரிசி அளந்தன. ஆணியால் அடியில் ஓட்டை போட்டால் நெத்திலி அலசின. வெங்காயம் வந்த சிவப்பு வலைப்பை சுருட்டப்பட்டுப் பாத்திரம் தேய்க்கும் நாராகும். அப்பாவின் பழைய பனியனுக்கு மூன்று ஜென்மம். முதலில் அடுப்புத் துணி, பிறகு தரைத் துணி, கடைசியில் என் சைக்கிள் துடைப்பது. பனியன் கிழிய வேண்டுமே என்று அவர் காத்திருப்பது போலவே எனக்குத் தோன்றும்.

எல்லாமே பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை டின்னில் கிராம்பு போட்டால் எறும்பு வராது என்று யாரோ சொன்னார்கள். கிராம்புக்கே இவ்வளவு சக்தி என்றால் கற்பூரத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று அப்பா யோசித்தார். யோசித்ததோடு நிற்காமல் போட்டும் விட்டார். எறும்பு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் டின் தீரும்வரை எங்கள் வீட்டுக் காப்பியை வாயில் வைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை சரி. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அப்பாவின் பயம். அதிலும் லாபிசில் இருந்த பெரியப்பாவுக்குத் தெரியவே கூடாது. பெரியப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்று ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லியிருந்தார். தம்பி கரண்டி வேறு பிடிக்கிறான் என்று தெரிந்தால், லாபிசிலிருந்து சிகாமட் வரை ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். அப்பாவிடம் அப்போது மிச்சம் இருந்ததே அந்தக் கொஞ்ச மரியாதைதான். அதையும் கொடுத்துவிட்டால் முதுகுவலி மட்டும்தான் சொந்தம்.

அதனால் பெரியப்பா வீட்டுக்கு வரும் நாட்களில் ஒரு நாடகம் நடக்கும். அப்பா தோளில் கிடக்கும் அடுப்புத் துணியை ஒளித்துவிட்டு ஹாலில் பேப்பரோடு உட்காருவார். வாரம் முழுக்க வேலை செய்து ஓய்ந்த அம்மா, அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிச் சமைப்பது போலச் சத்தம் எழுப்புவார். உண்மையில் அம்மாவுக்கு எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. அப்பா வாசனையை வைத்தே ஹாலிலிருந்து சமையலை நடத்துவார். ஒரு இருமல் என்றால் உப்பு போடு. இரண்டு என்றால் தீயைக் குறை. தொண்டையைச் செருமினால் புளி. பெரியப்பா ஒவ்வொரு தடவையும் போகும்போது, இருமலுக்கு ஒரு நல்ல வைத்தியரைப் பார் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த லட்சணத்தில் அப்பாவுக்கு வானொலி ஆசை வேறு. சனிக்கிழமை காலையில் பெண்கள் நிகழ்ச்சியில் நேயர்கள் தொலைபேசியில் வீட்டுக் குறிப்பு சொல்லலாம். அதில் வரும் குறிப்புகளைக் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நம்மிடம் இதைவிட நல்லது இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. அம்மா சனிக்கிழமையும் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு அந்த வயதிலேயே பெரிய பொம்பளை மாதிரி கொஞ்சம் கட்டைக் குரல். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பொதுத் தொலைபேசியில் நான் திருமதி சரஸ்வதியாகப் பேசுவேன், அதுதான் அம்மாவின் பெயர். அப்பா பக்கத்தில் சில்லறையைப் போட்டுக்கொண்டே காதில் ஓதுவார். ஒருமுறை தோசைக்கல் குறிப்பின் நடுவே ரயில் கூவிக்கொண்டு வந்தது. அறிவிப்பாளர் என்ன சத்தம் என்று கேட்டார்.

"பிளெண்டர் ஓடுதுங்க" என்றேன்.

அம்மாவுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் தெரிந்தது. கூட வேலை செய்யும் பெண்கள், கருகிய சட்டிக்குப் புளித்தோலை வேகவைக்கும் குறிப்பு அருமை என்று கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விழப்போகிறது அடி என்று நினைத்தேன். "எம்பேரக் கெடுக்காம சொல்லுங்க, போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

இப்போது லாபிசுக்கு வந்துவிட்டோம். பெரியப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். ஹாலில் மாப்பிள்ளை வீட்டார், நடுவில் தட்டுகள், பெரியப்பா பக்கத்தில் அப்பா. அடுப்படியில் பாயசத்துக்கு ஒரு அண்டா பால் காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணுக்குப் பூ வைப்பதில் எல்லோரும் மெய்மறந்து நின்றபோது பால் அடியில் பிடித்துவிட்டது. பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியே அத்தனை பெண்களும் அம்மா பக்கம் திரும்பினார்கள். ரேடியோ சரஸ்வதி இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று ஒருத்தி சொன்னாள்.

அம்மா கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அண்டாவைப் பார்த்தபடி நின்றார். ஹாலிலிருந்து அப்பா இருமினார். வாடை அவருக்கு எட்டிவிட்டது. ஒன்று, இரண்டு, செருமல், மறுபடி ஒன்று. பாவம், தீய்ந்த பாலுக்கென்று அவர்களிடம் இருமல் எதுவும் கிடையாது. அப்பா கண்ணில் நீர் வர இருமுகிறார், பெரியப்பா முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுக்கிறார். நான் கதவருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹால் வாசலுக்கு வந்து நின்றார்.

"என்னங்க, இருமுனது போதும். உள்ள வாங்க. பாலு அடிப்புடிச்சிருச்சு."

பெரியப்பா, அவனுக்கு என்ன தெரியும் என்றார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"எங்க வீட்டுல சமையலு இவருதான் மாமா. ரேடியோவுல சொல்றதும் இவருதான். நான் பேரு மட்டுந்தான்."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே வந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டே குனிந்து மோந்தார். அடியைச் சுரண்டாமல் மேல்பாலை வேறு அண்டாவுக்கு மாற்றச் சொன்னார். பிறகு வெற்றிலை கேட்டார், கிள்ளிப் போட்டால் தீய்ந்த வாடையை இழுத்துவிடும் என்று. வீட்டில் இருந்த வெற்றிலையெல்லாம் ஹாலில் நிச்சயத் தட்டில் அடுக்கப்பட்டிருந்தது. அதைத் தொட்டால் அபசகுனம் என்று பெரியம்மா குறுக்கே நின்றார். அப்பா விடவில்லை.

"மாப்ள எங்கயும் ஓடிட மாட்டாரு அண்ணி. இவ்ளோ பாலுக்கு இப்ப எங்க போறது?"

நான்தான் போய்த் தட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தேன். முழு வாடையும் போனது என்று சொல்ல மாட்டேன், முக்கால்வாசி போனது. மாப்பிள்ளையின் மாமா, பாயசத்தில் ஏதோ புது மணமாக இருக்கிறதே என்றார். அது எங்கள் குடும்ப வழக்கம் என்று பெரியம்மா கண்ணிமைக்காமல் சொன்னார். இன்றும் அந்த வீட்டு விசேஷங்களில் பாயசத்துக்கு வெற்றிலை கிள்ளிப் போடுகிறார்கள். பரம்பரை பரம்பரையாக வருகிறதாம்.

பெரியப்பா சாப்பிட்டு முடியும்வரை அப்பா பக்கமே திரும்பவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். வசவு வரப்போகிறது என்று அம்மா முன்னால் போய் நின்றுகொண்டார். பெரியப்பா செருப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"தோச கல்லுல ஒட்டாம வர என்னமோ சொன்னியே ரேடியோவுல. பாதியிலே ரயிலு சத்தம் வந்துருச்சு. ஒங்கண்ணிக்கு மூட்டு வலி, காலையில நான்தான் ஊத்துறேன்."

அரை வெங்காயத்தைக் கல்லில் தேய்க்கச் சொன்னார் அப்பா. அண்ணனுக்கு இப்படிப் பாடம் எடுத்ததில் அவருக்கு முதுகுவலியே மறந்துவிட்டது.

இப்போது அப்பா இல்லை, பெரியப்பாவும் இல்லை. பால் டின் காப்பி இல்லை, பொதுத் தொலைபேசி இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். காணொளிப் பையன் பனியனோடு நின்று ஊருக்கே சமையல் சொல்லித் தருகிறான், அவன் பெரியப்பா அதற்கு இதயக்குறி போடுகிறார் போலிருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறார். காலையில் வாடை எட்டியதும் ஹாலிலிருந்து, "ஒங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் இருமியிருப்பாரு" என்றார்.

ஆம்பளை கரண்டி பிடித்தால் கேவலம் என்ற அந்த வெட்கம் ஒழிந்தது நல்லதுதான், ஒழிந்து தொலையட்டும். போகிற போக்கில் அந்த இருமலையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்க வேண்டாம்.