அழித்தவர் பொறுப்பு

கரும்பலகையில் இருக்கும் நேற்றைய வரியைப் பலகைக்காரர் வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அழிப்பார். 'நாளை பகல் முழுக்க மின்சாரம் இராது' என்று இருந்தது. "இருந்துச்சே" என்று முனகிக்கொண்டு ஈரத்துணியை ஓட்டினார். துணியை ஆணியில் மாட்டிவிட்டு, காதில் செருகியிருந்த சாக்பீஸை உருவினார். எழுதுகிற நேரம் தவிர, அது இல்லாமல் அவர் காதை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது எடுப்பாரா என்று டீக்கடையில் ஒரு சந்தேகம் உண்டு.

முச்சந்தியில் பஞ்சர் கடை. பெயர்ப்பலகை கிடையாது, ஒரு லாரி டயர் தொங்கும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கரும்பலகை. பள்ளிக்கூடத்துக்குப் புதிது வந்தபோது கழித்துக் கட்டியதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் இங்கே நின்றுதான் போகும். இறங்குகிறவர்கள் முதலில் பலகையைப் படிப்பார்கள், பிறகுதான் மூட்டையைத் தேடுவார்கள். பஞ்சர்காரர் என்ற பெயர் எப்போதோ போய், இப்போது பலகைக்காரர்.

வெள்ளை சாக்பீஸ் செய்திக்கு. 'வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வராது. டிரைவருக்கே காய்ச்சல்.' 'பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை. புருஷன் கண்ணாடியைப் பெண்டாட்டி போட்டுக்கொண்டு வர வேண்டாம்.' 'சக்கர நாற்காலி ஒன்று சும்மா இருக்கிறது. கடையில் கேட்கவும். பிள்ளைகள் விளையாடத் தர மாட்டேன்.' யார் என்ன எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாலும் பலகைக்குப் போகும்போது இப்படித்தான் ஆகிவிடும். சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருமுறை கோபித்துக்கொண்டார். "நீங்க எழுதினது நீளம்மா. பஸ்ஸை இன்னும் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க, அப்படியே எழுதறேன்" என்று சொல்லிவிட்டு டயரைக் கழற்றப் போய்விட்டார்.

மஞ்சள் சாக்பீஸ் உதவிக்கு. 'கண் மங்கிய தையல்காரருக்குத் தபால் படித்துக் காட்ட ஒருவர் தேவை. கத்திப் படிப்பவர் வேண்டாம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.' மஞ்சள் வரியை அவர் தொட மாட்டார். வேலையை ஏற்றுக்கொள்கிறவர் தானே வந்து, ஆணியில் இருக்கும் துணியை எடுத்து, தன் கையால் அழிக்க வேண்டும். அழித்தவர் பொறுப்பு. கையெழுத்து, சாட்சி ஒன்றும் இல்லை. ஒருமுறை ஓர் ஆடு முதுகைச் சொறிந்துகொண்டதில் மஞ்சள் வரி பாதி போய்விட்டது. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உன் ஆடு ஒத்துக்கிச்சு. நீ போய்ட்டு வா" என்றார். அந்த மனுஷன் முறைத்தார். முறைத்துவிட்டு, கால் ஒடிந்து கிடந்த டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். கட்டுப் பிரிக்கும்வரை அவர்தான் துணை.

ஊருக்கெல்லாம் சேதி சொல்கிற இந்த ஆளோடு கூடப்பிறந்த அண்ணன் பேசுவதில்லை. காரணமும் இந்தப் பலகைதான். அப்பா இறந்த அன்று, முதல் பஸ் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்ற பழக்கத்தில் ஓடிவந்து எழுதினார். எழுதிவிட்டு வந்த வேகத்திலேயே வீட்டுக்கு ஓடினார். அண்ணன் லாரி டிரைவர். வெளியூரில் லோடு இறக்கி, லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டு அந்த முதல் பஸ்ஸில்தான் வந்தார். அவரிடம் அப்போது செல்போன் கிடையாது. எல்லாரையும் போல இறங்கினார், எல்லாரையும் போலப் படித்தார். வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்கப்பன் செத்ததை நான் பஸ்ஸுல வந்தவங்களோட நின்னு படிக்கணுமாடா?" என்று கேட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் அவர் முச்சந்தியில் இறங்குவதையே விட்டுவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அந்த அண்ணனுக்குத்தான் இப்போது ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. போன மாதம் அண்ணி கடைக்கு வந்தார். தையல் கம்பெனியில் மதிய வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வீட்டில் இனி வரும்படி அது ஒன்றுதான்.

"தம்பி, ஒரு வரி போடுங்க. மதியத்துல அவர்கூட உட்கார ஒரு ஆளு. தூக்கி உட்கார வைக்கத் தெம்பு வேணும். திட்டினா காதுல வாங்கக் கூடாது."

"இப்பவுமா திட்டுறாரு?"

"வாய் பாதிதான் திறக்குது. அந்தப் பாதியில திட்டுறாரு."

"பேரு போடவா?"

"வேணாம். அதுக்கும் திட்டுவாரு."

மஞ்சளில் எழுதினார். யாரும் வரவில்லை. சாரலில் வரி மங்கியது, அதன் மேலேயே இன்னொரு தடவை எழுதினார். பேர் போடாவிட்டால் என்ன, யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும். இறங்கியவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், நடையைக் கட்டினார்கள்.

"இந்த ஊருல மனுஷங்களே இல்லாமப் போய்ட்டாங்களா?" என்று, டியூபைத் தண்ணீரில் முக்கியபடி ஒரு நாள் எரிந்து விழுந்தார்.

எதிர்த்த டீக்கடை அக்கா கிளாஸ் கழுவுவதை நிறுத்தவில்லை. "இருக்காங்க. உனக்கு மரியாதை குடுத்து ஒதுங்கி இருக்காங்க."

"எனக்கு என்ன மரியாதை?"

"கூடப்பிறந்தவன் பக்கத்துலயே துணி தொங்குது. அடுத்தவன் வந்து எப்படிப்பா அழிப்பான்? ஆட்டுக்காரர்கூட ஆட்டைக் கட்டிப் போட்டுட்டாராம்."

அவர் டியூபை இன்னும் ஆழமாக முக்கினார்.

"நாளைக்கு உங்க அண்ணி வேலை வேணாம்னு சொல்லிட்டு வரப் போறா."

"நான் போனா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு அக்கா."

"எங்க திருப்பறது? அதுக்கும் ஒரு ஆள் வேணுமே."

தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டியூபை எடுத்து உதறி, ஒட்டாமலே கொக்கியில் மாட்டினார். எழுந்துபோய் ஆணியிலிருந்து துணியை எடுத்தார். மஞ்சள் வரியை வாய்க்குள் ஒருமுறை படித்தார். பிறகு ஓர் எழுத்து பாக்கியில்லாமல் துடைத்தார். கடையின் கதவை இழுத்துச் சாத்தினார்.

"கடை சாத்தியிருக்குன்னு எழுதிப் போட்டுட்டுப் போ. வர்றவன் எல்லாம் என் தலையைத் தின்பான்" என்றார் டீக்கடை அக்கா.

"அப்புறம் எழுதறேன். முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

காதிலிருந்த சாக்பீஸை எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு, சாலையைக் கடந்தார்.