ஜானிக்கு வைத்த கடலை

கன்னியம்மாளை ஒரு வேர்க்கடலையைத் தூக்கிப்போட வைக்க ஆந்திரத்து விஜயபுரம் மண்டலத்தில் ஆள் பிறக்கவில்லை. சொத்தை என்று சொல்லிப் பாருங்கள், "சொத்தைக்கும் வயித்துல எடம் கீது, நீ போய் உன் வேலயப் பாரு" என்பாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவள் பாதி ஆயுசு அடுத்தவர் நிலத்தில் கடலை பொறுக்கியவள். செடியைப் பிடுங்கி, மூட்டை கட்டி, நிலக்காரர் வீட்டுக்குப் போன பிறகு, மண்ணுக்குள் அறுந்து தங்கிவிட்ட காய்களைக் குச்சியால் கிளறி எடுக்க வேண்டும். அதற்கும் நிலக்காரர் மனசு வைக்க வேண்டும். பதினாறு வயதில் ஒருநாள், ஒரு நிலக்காரர் அவள் மடியை அவிழ்க்கச் சொல்லி, அன்று முழுக்கப் பொறுக்கியதைத் தன் மாட்டுக்கு முன்னால் கொட்டச் சொன்னார். மாடு பாதியைத் தின்றது, பாதியை மிதித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய கணவன் கருப்பனிடம்கூட.

பிறகு சர்க்கார் நிலமில்லாதவர்களுக்கென்று டி.கே.டி. பட்டா கொடுத்தபோது அவளுக்கும் இரண்டு ஏக்கர் வந்தது. கல்லும் முள்ளும்தான், ஆனாலும் தன் பேரில் இருந்த மண். கல் பொறுக்கியே இரண்டு வருஷம் போயிற்று. நிலம் திருந்துவதற்குள் வீடு காலியாகிவிட்டது. மழை பொய்த்த வருஷம் கருப்பன் பெங்களூருக்குப் போய் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன் ஆனான். மகள் பிரியங்கா பன்னிரண்டாவதான இன்டர் முடித்ததும் சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். போவதற்கு முன்னால் புத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜ் பைக்குள் ஒரு நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜானி என்று பேர் வைத்தது அவள், சோறு வைத்தது இவள். வீட்டில் பேச்சுக்கு மிஞ்சிய ஒரே துணை அதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, ஜானி சோம்பேறி நாய் இல்லை. காட்டுப்பன்றி கடலைக் கொல்லையில் இறங்கினால் எல்லை வரைக்கும் துரத்திவிட்டுத்தான் திரும்பும். "பாதி வெள்ளாம இவனோடதுதான்" என்று கன்னியம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பங்கு என்றால் பங்குதான். அதைக் கொடுக்காமல் விடுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

அந்த வருஷம் கார்த்திகை மழை ஒன்பது நாள் விடவில்லை. பிடுங்கிப் போட்ட செடி கொல்லையிலேயே ஊறியது. வெயில் வந்ததும் கன்னியம்மாள் காயைக் காய வைத்து, உடைத்து, உட்கார்ந்து பிரித்தாள். விதைக்கு எடுத்தது போக, வெளுத்த பருப்பு பெங்களூருக்கும் ஹாஸ்டலுக்கும் போனது. கருத்துச் சுருங்கி, மேலே பச்சைப் பொடி படிந்தது ஒன்றரை மூட்டை தேறியது. அதைக் கழுவி, நொய்யோடு வேகவைத்து, கடைந்து ஜானிக்கு வைத்தாள். தனக்கும் ஒரு கைப்பிடி வறுத்துக்கொள்வாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஜானி சுருண்டது. தின்றதை வாந்தி எடுத்தது. பன்றி வந்தும் எழுந்திருக்கவில்லை. சிறுநீர் மஞ்சளாகப் போயிற்று. ஒரு காலையில் இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் முழுக்க மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து புகட்டினாள். உடம்பில் தெம்பில்லை, கடலையில் சத்து இருக்கிறது என்று கடலையைக் கூடுதலாகப் போட்டாள். வேறு எதையும் தொடாத நாய், அவள் ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் தின்றது. அவள் மனம் கோணக் கூடாதென்று தின்றதோ என்னவோ.

ஆடு மேய்க்கும் ரங்கையா வந்து பார்த்தார். "காமாலதான் இது. வயித்துல சூடு ஒண்ணு இழுத்தா நின்னுடும்."

"உன் வாயில இழுத்துக்க" என்றாள் கன்னியம்மாள்.

போனில் பிரியங்கா அழுதாள். "அம்மா, திருப்பதில நாய்க்குன்னே பெரிய ஆஸ்பத்திரி கீதாம்மா. இட்டுக்கினு போம்மா."

தனக்குக் காய்ச்சல் வந்தால் புத்தூரைத் தாண்டாதவள், மறுநாள் விடிந்ததும் ஜானியைப் பழைய புடவையில் சுற்றி, உமாபதியின் கத்தரிக்காய் வண்டியில் ஏறினாள். "ஊர்ல மனுசனுக்கே வண்டி கெடைக்கல, உன் நாய்க்கு யோகம்தான் அக்கா" என்று கேலி பேசிய உமாபதி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனான்.

அங்கே வரிசையில் இருந்ததெல்லாம் சடை நாயும் சீமை நாயும். ஒவ்வொன்றுக்கும் பளபளவென்று தோல்பட்டை. ஜானியின் கழுத்தில் கிணற்றுக் கயிறு. கன்னியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது, கயிற்றைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் பிரேமலதா சின்ன வயசுக்காரி. ஜானியின் ஈறைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள், ரத்தம் எடுத்தாள். "தீனிக்கி ஏம் பெடுதுன்னாரம்மா?" என்று தெலுங்கில், இதற்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

இதற்குப் பதில் சொல்வதில் கன்னியம்மாளுக்குப் பெருமைதான். "நொய்யும் வேர்க்கல்லயும் டாக்டரம்மா. கடைல வாங்கனது இல்ல, எங்க சொந்த நெலத்துக் கல்ல. ஒரு வேள கொற வெச்சதில்ல." வழியில் பசித்தால் ஊட்டலாமென்று முந்தானையில் முடிந்து வந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள்.

டாக்டர் ஒரு பருப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"இதுல இருக்கறது பூஞ்சைம்மா" என்று தமிழுக்கு மாறினாள். "இந்தப் பூஞ்சை விஷம். நேரா ஈரலைத்தான் பிடிக்கும்."

"நல்லா கொதிக்க வெச்சுதான் குடுத்தேன்."

"கொதிச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது. எத்தனை நாளா வைக்கறீங்க?"

"கார்த்திகைல இருந்து."

"வீட்ல வேற யாராவது சாப்பிடறீங்களா?"

"இல்ல" என்றாள் கன்னியம்மாள். பொய்.

ஜானி அவள் பாதத்தில் தலையை வைத்துப் படுத்திருந்தது. நோய் கண்ட பிறகும் வாயைத் திறந்து திறந்து ஊட்டியது இந்தக் கைதானே என்று நினைத்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. அத்தனை சீமை நாய்களுக்கும் முன்னால் உடைந்து அழுதாள். "நானே வெசம் வெச்சிக்கினு இருந்திருக்கேன் டாக்டரம்மா. பொழைக்குமா?"

"தெரிஞ்சா வெச்சீங்க? அழாதீங்க. ஈரல் கெட்டிருக்கு, எவ்வளவுன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. ஈரல் திரும்ப வளர்ற உறுப்புதான். குழைஞ்ச சோறு, தயிர், வேகவெச்ச முட்டை, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. பத்து நாள்ல திரும்ப ரத்தம் பார்ப்போம்."

அன்று முழுக்க சலைன் ஏற்றினார்கள். ஊசியும் டானிக்கும் வாங்கிக்கொண்டு பொழுதோடு ஊர் வந்து சேர்ந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு மூட்டையை வாசலுக்கு இழுத்தாள்.

அப்போதுதான் கூலி வேலை முடித்து வெங்கடலட்சுமி அந்த வழியாக வந்தாள். நிலம் கிடையாது, மூன்று பிள்ளைகள். கன்னியம்மாளின் கொல்லையில் வருஷா வருஷம் பொறுக்குகிறவள்.

"அக்கா, வீசறதுன்னா எனக்குக் குடேன். புள்ளைங்களுக்கு அவிச்சுக் குடுப்பேன்."

"வேணாம் லட்சுமி. பூஞ்ச பிடிச்சது."

"கழுவிக்கிறேன்."

"கழுவனாலும் போவாது. தர மாட்டேன்."

வெங்கடலட்சுமியின் முகம் சுண்டிப்போயிற்று. "நாய்க்கு வெக்கற, எனக்குக் குடுக்க மனசு வரல. நெலம் வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

அந்தச் சொல் கன்னியம்மாளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். மடியை அவிழ்த்துக்கொண்டு நின்ற பதினாறு வயதுப் பெண் எதிரே நிற்கிறாள், இவள் நிலக்காரராக நிற்கிறாள். கொடுத்துவிட்டால் நல்ல பேர் வரும். பிள்ளைகள் மூன்று.

அவள் உள்ளே போனாள். விதைக்கென்று கட்டி வைத்திருந்த சாக்கைப் பிரித்து, வெளுத்த கடலையில் இரண்டு படி அளந்து கொண்டுவந்து வெங்கடலட்சுமியின் மடியில் கொட்டினாள்.

"இத்த அவிச்சுக் குடு. அத்தத் துன்னுதான் என் ஜானி இப்பிடி கெடக்குறான். நானும் துன்னுருக்கேன் லட்சுமி. டாக்டரம்மாகிட்ட இல்லன்னு சொல்லிட்டு வந்தேன், வெக்கமா இருந்துச்சு. நாளைக்குப் புத்தூர் போய் நானும் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும்."

வெங்கடலட்சுமி மடியைப் பார்த்தாள். பிறகு வாசலில் புடவைக்குள் கிடந்த நாயைப் பார்த்தாள். மடியை முடிந்துகொண்டு, "மம்மட்டி எங்க கீது?" என்று கேட்டாள்.

இரண்டு பேருமாக வேலியோரம் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். குப்பையில் கொட்டினால் யாராவது பொறுக்குவார்கள், அது கன்னியம்மாளைவிட யாருக்குத் தெரியும்? தன் நிலத்தில் விளைந்ததைத் தன் கையால் குழியில் தள்ளிச் சாம்பலைக் கொட்டி மூடினாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் புத்தூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். நாலு நாள் கொழகொழ சோறும் தயிருமாக ஊட்டினாள். ஜானி ஒரு வாய் தின்னும், இரண்டு வாயைத் துப்பும். ஐந்தாம் நாள் காலை, கோலம் போட வாசலுக்கு வந்தவள் புடவையைப் பார்த்தாள், நாய் இல்லை. எங்காவது போய்ச் செத்துக் கிடக்கிறதோ என்று தெருவுக்கு ஓடினாள். வேலியோரம் பரபரவென்று மண் பறிக்கும் சத்தம் கேட்டது.

ஜானி எலும்பும் தோலுமாக, கால் நடுங்க நின்றுகொண்டு, குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. மூக்கெல்லாம் சாம்பல்.

"அடப் பாவி, உன் பங்க விட மாட்டியா நீ?" கன்னியம்மாள் ஓடிப்போய் அதைக் கட்டித் தூக்கினாள். அது திமிறியது. திமிறட்டும் என்று அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அதைக் கட்டிப்போட்டுவிட்டு, நிலத்து வரப்பிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து உருட்டிக்கொண்டு வந்து குழிமேல் வைத்தாள்.