கொல்லங்கோட்டு வீட்டுக்கு ஒரு கூலர்

தாத்தாவாகிவிட்டேன் ஐயா! பத்து நாளாகிறது. பேத்தி!

உங்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால், இந்தப் பேத்தி எங்கள் வீட்டில் வந்து படுப்பாளா என்பதே போன மாதம் வரை சந்தேகமாக இருந்தது. காரணம்? வெயில்!

என் மகள் சாந்தாவைச் சின்னக்கானலில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. கோடையிலும் கம்பளி போர்த்தித் தூங்குகிற ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அங்கேதான் சிக்கல். மாப்பிள்ளையின் அப்பா கடிதம் போட்டுவிட்டார். இரண்டு வருஷமாகக் குளிரில் பழகிய பெண் கொல்லங்கோட்டுச் சித்திரையைத் தாங்குவாளா, நேரில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று.

என் மனைவி மரகதம் அன்று சாப்பிடவில்லை.

"ஏனுங்க, மொதப் பிரசவத்துக்குப் புள்ளைய நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வர முடியலீன்னா, அப்புறம் என்னங்க பொறந்த ஊடு?"

மறுநாளே கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

எங்களுடையது அறுபது வருஷத்து ஓட்டு வீடு. கனத்த மண் சுவர், தலைக்கு மேலே பலகை பாவிய மச்சு. ஏர்கண்டிஷன் என்று வாயெடுத்ததும் கடைக்காரர் வீட்டு வயரிங்கைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "அந்த வயர்ல இதப் போட்டீங்கன்னா ஊடு குளுராதுங்க, எரிஞ்சே போயிருமுங்க" என்றார். நேர்மையான மனிதர்!

அப்புறம் ஏர் கூலரைக் காட்டினார். தகரப் பெட்டி, உள்ளே தண்ணீர், வெட்டிவேர்த் தட்டி, ஒரு விசிறி. கடையில் அதன் முன்னால் உட்கார்ந்தேன்... ஆஹா! எழுந்திருக்க மனசே வரவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டில், சாந்தாவுக்கென்று ஒழித்து வைத்த அறையில் அதை நிறுத்தினேன். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினேன். குளிர்ச்சி வெளியே ஓடிவிடக் கூடாதல்லவா?

மூன்றே நாள். அலமாரியில் இருந்த அப்பளம் நமுத்தது. சுவரில் காலண்டர் சுருண்டது. உள்ளே போனால் இட்லிப் பானைக்குள் நுழைந்த மாதிரி. மரகதம் முந்தானையால் வீசிக்கொண்டு கூலரையே முறைத்தாள். என்னை முறைத்திருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன்!

நாலாம் நாள் சம்பந்தி வந்து இறங்கினார்.

அவர் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோர் பார்ப்பவர். ஸ்டோர் என்றால் கடை இல்லை — பச்சைக் காயை உலர்த்துகிற சூட்டு அறை. ஒரு பக்கம் அடுப்பு, அறையைச் சுற்றிச் சூட்டுக் குழாய், தட்டுத் தட்டாகக் காய். ஆயுசில் பாதியைச் சூட்டோடு கழித்தவரிடம் கூலரைக் காட்டிச் சமாளிக்க முடியுமா?

அறைக்குள் போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார்.

"தங்கச்சி, இதுல காயைப் போட்டா அவிஞ்சு போகும்."

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கூலரை நிறுத்தச் சொன்னார். ஜன்னல்களைத் திறந்தார். ஊதுபத்தி ஒன்று கேட்டு, கொளுத்தி, அறை நடுவில் பிடித்தார். புகை மேலே போனது. மச்சுப் பலகையில் முட்டியது. அங்கேயே நின்றுகொண்டது.

வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஏறி, மச்சுக் கதவைத் தள்ளித் திறந்து மேலே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"ஏன் சம்பந்தி, கூரையில ரெண்டு பக்கமும் பலகை வச்சு அடைச்ச புண்ணியவான் யாரு?"

அந்தப் புண்ணியவான்... நான்தான்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். போன மார்கழியில், பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று, கூரையின் இரு முனையிலும் உள்ள மரச்சட்டத் திறப்புகள் வழியாகத் தூசியை வாரிக் கொட்டியது. பலகை வைத்து ஆணி அடித்தேன். காற்றையே ஜெயித்துவிட்டதாக இதே பத்தியில் மார்தட்டினேன். பாராட்டிக் கடிதம் எழுதியவர்களே, குற்றத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு!

"சூடு மேல ஏறும். ஏறினா வெளிய போக வழி வேணும்ல?" என்றார் சம்பந்தி. "ஸ்டோர்ல மேல் சன்னலைத் திறக்க மறந்தா காய் வேர்த்துப் போகும். இங்க நீங்க வேர்க்கிறீக. அம்புட்டுத்தான்."

ஆணிகளைப் பிடுங்கினோம். மச்சுக் கதவைத் திறந்தே வைத்தோம். மறுபடி ஊதுபத்தி. புகை நேராக ஏறி, கதவில் நுழைந்து, போயே போய்விட்டது! மரகதம் கைதட்டினாள்.

ஆனால் சாந்தாவை அனுப்புகிறேன் என்று மனிதர் வாய் திறக்கவில்லையே? மதியம் சாப்பிட்டார். அதே அறையில் வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தார். மணி இரண்டு. வெளியே கோழிகூட நிழலை விட்டு நகரவில்லை. நானும் மரகதமும் கதவோரத்தில் நின்றோம், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... குறட்டை!

"ஏனுங்க, அண்ணன் தூங்கிட்டாருங்க!" மரகதம் என் கையைக் கிள்ளியே விட்டாள். எனக்கு வலிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் சாந்தா வந்தாள். வைகாசியில் பேத்தி வந்தாள். அந்த அறையில்தான் அம்மாவும் பெண்ணும் கால் நீட்டித் தூங்குகிறார்கள்.

பழைய வீட்டுக்கு மிஷின் வாங்கப் புறப்படுகிறவர்களே, முதலில் ஓர் ஊதுபத்தி வாங்குங்கள். வீட்டுக்கு என்ன குறை என்று கடைக்காரரை விட அது சரியாகச் சொல்லும்.

கூலரா? கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதற்குள் கோழி அடை காக்கிறது.

பேத்தியைப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் திரும்புவதாக வந்த சம்பந்தி, இன்னும் கிளம்பவில்லை. மதியமானால் துண்டும் கையுமாக அந்த அறை வாசலில் வந்து ஏக்கத்தோடு நிற்கிறார். நேற்று மரகதம் என் காதில் கிசுகிசுத்தாள்:

"ஏனுங்க, அந்தக் கோழிய எறக்கிட்டு, அண்ணனுக்குத் திண்ணையில கூலரப் போட்டு உட்ரலாமுங்களா?"