பனிக்கூரையின் கீழே புட்டு

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அவரிடம் இருந்த ஒரே குறை அதுதான். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த கிளென் வேவர்லியிலிருந்து எங்களைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. சறுக்குகிற சனத்துக்குள் நின்று இடிபடுவானேன் என்று, வாடகைப் பனிச் சப்பாத்துகளை மாட்டிவிட்டு, கயிறு கட்டிய எல்லையையும் தாண்டி எங்களை நடத்தினார்.

பதினொரு மணிக்கே அப்பாவுக்குப் பசித்துவிட்டது. காற்றோ காதைப் பிய்த்தது. முகட்டுக்கு அடியில் காற்றே படாத ஓர் இடத்தைச் சித்தப்பா கண்டுபிடித்தார். மேலே, வீட்டுத் தாவாரம் போலப் பனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்கோ அண்ணி, கூரையோட இடம் பிடிச்சிருக்கிறன்!"

அம்மா பாயை விரித்து, புட்டையும் கட்டைச் சம்பலையும் பரப்பினார். எனக்குச் சொர்க்கம்தான்.

இரண்டு வாய் வைப்பதற்குள், செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட மலைக்காவல் பெண் ஒருத்தி சறுக்கி வந்து தூரத்திலேயே நின்றாள். ஆங்கிலத்தில் கத்தினாள்: அது காற்று குவித்த பனி, இந்த வெயிலுக்கு எந்நேரமும் உடைந்து விழும், சாமானை விட்டுவிட்டு வாருங்கள், ஒருவர் வந்து சேர்ந்த பிறகே அடுத்தவர், பிள்ளை முதலில். கடைக்குப் போனாலும் கூட்டமாகவே நடக்கிற குடும்பம் நாங்கள். தனியாக நடப்பது எனக்குப் புது விளையாட்டாக இருந்தது. சிரித்துக்கொண்டே ஓடினேன். பின்னால் சித்தப்பா வந்தார், முகம் வெளிறி.

மிச்சம் இருந்த இரண்டு பேரும் அங்கேயே நின்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

"நீர் முதல்ல போம்" என்றார் அப்பா.

"இல்லை, நீங்கள் போங்கோ. நான் பின்னால வாறன்."

"சொன்னாக் கேளும்!"

"பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள். போங்கோ!"

அப்பா வந்தார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. பிறகு அம்மா. அவர் வந்து மூச்சு வாங்கும்போதே அந்தக் கூரை தொம்மென்று இறங்கியது. பாய், புட்டு, பிளாஸ்க் எல்லாம் போச்சு. "ஐயோ, சம்பல்!" என்று சித்தப்பா அலற, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா கண்ணீர் வழியச் சிரித்தார். அப்படியொரு சந்தோஷமான நாள் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

வீட்டில் குளியலறைக்கு யார் முதல் என்று நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். இதையும் அப்படியொரு சண்டை என்றே நினைத்தேன். "அம்மா வெண்டிட்டா, அப்பா தோத்திட்டார்" என்று வீடு வரும்வரை காருக்குள் பாடினேன். இந்த முறை இரண்டு பேரும் கேட்டது கடைசி இடத்தை என்பது எனக்கு உறைக்கவேயில்லை.