ஆட்கள் மாட்டிக்கொண்டால்

லிஃப்ட் பராமரிப்புக்கான விதிகள் எழுத எங்கள் அலுவலகம் மூன்று பேரை உட்காரவைத்தது. தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துக்காரர். இன்னொருவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் லிஃப்ட் சாமான் விற்கும் அண்ணாச்சி. மூன்றாவது நான், நாகர்கோவிலிலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

நான் எழுதியது ஒரே ஒரு பிரிவு: 'ஆட்கள் மாட்டிக்கொண்டால்'. அது முதலில் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஆள் உள்ளே கிடந்து அலறும்போது கடைசிப் பக்கம்வரை எவன் புரட்டுவான்?

தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஆரம்பமே அபசகுனமா? நன்னாருக்கே! லிஃப்டோட குணங்கள்லே தொடங்குவோம். இதைக் கடைசியிலே அனுபந்தமாப் போட்டுக்கலாம்."

அவர் வீட்டில் விளக்கு அணையாது, மலையேறும். அரிசி தீராது, தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். அமங்கலமாக ஒரு சொல் அவர் வாயில் வராது.

"எங்கயாவது போடுங்க, மொதல்ல சாயா குடிக்கலாம்" என்றார் அண்ணாச்சி.

சாயா குடிக்க மூவரும் இறங்கும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. தலைவர் உள்ளேயிருந்த போனை எடுத்தார். கீழே காவலாளி, போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்காரர்.

"சுகம்தானே சார்?"

"பரம சௌக்கியம். லிஃப்ட் செத்த ஓய்வெடுத்துக்கறது, அவ்வளவுதான்."

"சந்தோஷம் சார்." போனை வைத்துவிட்டார்.

தலைவர் மறுபடி கூப்பிட்டார். "நாங்க மூணு பேரும் உள்ளேயே ஒத்துமையா இருக்கோம். சௌகரியப்பட்டா வந்துட்டுப் போ."

"சாப்பிட்டுட்டு வாறேன் சார், தெரக்கில்லையே?"

"தெரக்கா? அவசரமெல்லாம் ஒண்ணுமில்லை."

அண்ணாச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. "சாமி, கும்பிட்டுக் கேக்கேன், மாட்டிக்கிட்டோம்னு சொல்லுங்க!"

"சிவ சிவா! நாக்கு பொரளமாட்டேங்கறதுய்யா!"

நான் போனைப் பிடுங்கினேன். காவலாளி "ஹலோ, ஹலோ" என்றார். பதில் சொல்லாமல் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"சார், என் பிரிவு முதல்லயா, கடைசியிலயா?"

"இதென்ன அக்கிரமம்!"

"ஏம்மா, மூச்சு முட்டுது!" என்று அண்ணாச்சி சுவரில் சாய்ந்தார்.

"முதல்லே! முதல்லே! சொல்லித் தொலை!"

"மாட்டிக்கிட்டோம்! காப்பாத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காவலாளி சோற்றுக் கையோடு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

மறுநாள் வரைவு வந்தது. மனுஷன் வாக்குத் தவறவில்லை. உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே முதல் பிரிவாக என் பிரிவேதான், ஒரு வரிகூட வெட்டு இல்லை. பெருமையாக அண்ணாச்சிக்குக் காட்டப் போனபோதுதான் தலைப்பைப் பார்த்தேன். சிவப்பு மையில் அழகாகத் திருத்தியிருந்தார்: 'ஆட்கள் லிஃப்டில் நிறைந்திருந்தால்'.