எதிர்மனுவோடு போன விண்ணப்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என் மேல்தான். ஆனால் பாதித் தப்புதான். மீதிப் பாதி அக்காவுடைய இருபது வருடப் பழக்கத்தின் மேல். இதை யாரிடம் சொன்னாலும், "செய்யறதையும் செஞ்சுட்டு பேச்சைப் பாரு" என்கிறார்கள். வாயால் சொன்னால்தானே குறுக்கே பேசுவார்கள்? அதனால் எழுதுகிறேன்.

நீதிமன்ற வாசலுக்கு எதிரே உள்ள சந்தில் ஒரே அறையைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டு கடை நடத்துகிறோம். இந்தப் பக்கம் நான், என் இரண்டு ஜெராக்ஸ் மெஷின்கள். அந்தப் பக்கம் அக்கா, ஒரு கம்ப்யூட்டர், கட்சிக்காரர் உட்கார ஒரு ஸ்டூல். மனு தட்டச்சு செய்வது அவள் வேலை. வக்கீல், குமாஸ்தா, வாசலில் நிற்கும் போலீஸ்காரர் எல்லோருக்கும் அவள் 'மனு அக்கா'. என்னைவிட ஒரு வயது சின்னவள். ஊரே அக்கா என்கிறதே என்று நானும் கூப்பிட்டேன். அவளும் கூசாமல் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பாதி நரைத்த தம்பி.

அவள் தட்டுகிற வேகத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வேகமாகத் தட்ட யாருக்கும் வரும். சொன்னதைத் தட்டிக்கொண்டே அதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிப்பாள், அதுதான் விஷயம். போன வருடம் ஒரு பெரிய வக்கீல் நின்றபடியே மனுவைச் சொல்லிக்கொண்டு போனார். அக்கா கையை நிறுத்தினாள்.

"சார், ஆபீஸ்ல நேர்ல குடுத்து முத்திரை வாங்கினேன்னு எதிர்த்தரப்பு சொல்ற தேதி ஞாயித்துக்கிழமை சார். ஞாயித்துக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருந்துச்சு?"

வக்கீல் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அந்த ஒரு கேள்வியிலேயே வழக்கு ஜெயித்தது. ஜெயித்த அன்று அதே ஸ்டூல் பக்கத்தில் நின்று, "அந்தத் தேதியை நான் எப்படிப் புடிச்சேன் பாத்தீங்களா?" என்று கட்சிக்காரரிடம் மார்தட்டிக்கொண்டார் அந்த மனிதர். கட்சிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள். அவர்கள் போன பிறகு பலகைக்கு மேலே தலையை நீட்டினாள்.

"தம்பி, சட்டம் படிக்க என்னென்ன வேணும்?"

"யாருக்கு?"

"யாருக்கோ. சொல்லு."

எனக்கு என்ன தெரியும்? சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டை அவள் கம்ப்யூட்டரிலேயே இணையத்திலிருந்து இறக்கி ஐம்பத்திரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தேன். அதை அவள் சட்டப் புத்தகத்தையே படிப்பது மாதிரி கோடு போட்டுப் படித்தாள். இரண்டு வழி இருந்தது. பள்ளிப் படிப்பை மட்டும் முடித்தவர்களுக்கு ஐந்து வருடம், பகலில். பட்டம் வாங்கியவர்களுக்கு மூன்று வருடம், மாலையில். இரண்டுக்கும் வயது வரம்பு கிடையாது.

அக்கா அஞ்சல் வழியில் பட்டப் படிப்பு படித்தவள். ஆனால் பட்டம் வரவில்லை. ஒரே ஒரு பேப்பர் பாக்கி, புள்ளியியல். அந்தப் பரீட்சைக்குக் கிளம்பின காலையில் வலி எடுத்துப் பிரசவ அறைக்குப் போனாள். மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. பேப்பர் அப்படியே கிடக்கிறது.

"ஒரு பேப்பர்தானே? எழுதிப்போட்டுட்டு மூணு வருஷத்துல சேருங்க" என்றேன்.

"அஞ்சு வருஷமே இருக்கட்டும் தம்பி. அடியிலேர்ந்து படிச்சாத்தான் ஆழமா படிக்க முடியும்."

"கடை?"

"மூடிட வேண்டியதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளதைச் சொல்கிறேனே, அவள் படிப்பதைவிடப் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போய்விடுமே என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. சுயநலம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் அவள் கணவருக்கும் ஐந்து வருடம் பிடிக்கவில்லை. அவர் பேக்கரியில் அடுப்படி வேலை செய்பவர். பேசுவதற்கே வரி போட்டிருக்கிறார்களோ என்று தோன்றும், அவ்வளவு கம்மியாகப் பேசுவார். அப்படிப்பட்டவர் மூன்று நாள் தொடர்ந்து பேசியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் மத்தியானம், சட்டையில் மாவோடு இருந்த மனிதரை அக்கா கடைக்கே கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"வீட்டுல பேசினா சண்டையாதான் வருது. இங்க உக்காந்து வரிசையா சொல்லுங்க. நான் டைப் பண்றேன். அப்புறம் நானே படிச்சுப் பாத்து முடிவு பண்றேன்."

இந்த உலகத்தில் வேறு எந்தப் பெண்ணாவது புருஷனுடைய ஆட்சேபணையை எதிர்மனுவாக உட்கார்ந்து தட்டியிருப்பாளா? இவள் தட்டினாள். எண் போட்டு, பத்தி பிரித்து, தலைப்பில் தன்னை 'மனுதாரர்' என்றும் அவரை 'எதிர்மனுதாரர்' என்றும் போட்டுத் தட்டினாள். சொல்லுகிறவர் சொன்னதை மாற்றக்கூடாது என்பது அவள் தொழில் தர்மம். நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

முதல் பத்தி: 'மனுதாரர் என் மனைவி. அவருக்குச் சட்டம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.' இரண்டு: 'பகலில் ஐந்து வருடம் போனால் இருபது வருடமாகச் செய்துவரும் வேலை கைவிட்டுப் போகும். அவர் அந்த வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.' மூன்று: 'மாலையில் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. ஒரே ஒரு பரீட்சைதான் குறுக்கே நிற்கிறது.'

நாலாவது பத்தியில்தான் என் சிரிப்பு நின்றது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனுதாரர் அஞ்சு வருஷத்தைத் தேர்ந்தெடுத்தது சட்டத்து மேல இருக்கற ஆசையால இல்ல. புள்ளியியல் மேல இருக்கற பயத்தால."

அக்காவின் விரல்கள் நின்றன. பிறகு ஒரு எழுத்து விடாமல் தட்டினாள். "வேற ஏதாவது?" என்றாள். "அவ்ளோதான்" என்றார். அச்செடுத்து நீட்டினாள். அவரும் கட்சிக்காரர் மாதிரியே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அதைப் படித்தாள், இரண்டு தடவை. படித்துவிட்டு விண்ணப்பத்தில் ஐந்து வருடக் கட்டத்திலேயே டிக் அடித்தாள். பிடிவாதம்! 'ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்?' என்ற பகுதிக்கு இரண்டு பக்கம் எழுதினாள். அதுவும் மனு நடையில்தான். 'கனம் பல்கலைக்கழகம் கருணை கூர்ந்து' என்று முடிந்தது.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் மாலை எல்லாத் தாள்களையும் என் மேசையில் வைத்துவிட்டு, "கட்டி அனுப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது வருகிறது என் பாதி. வருடக்கணக்காக நீதிமன்றக் கட்டு கட்டிய கை இது. முதலில் மனு, அடுத்தது எதிர்மனு, கடைசியில் ஆவணங்கள். தாளைப் பார்த்தால் கை தானாக அடுக்கும், மூளையிடம் கேட்காது. துளை போட்டேன், நாடா கோத்தேன், வலது மூலையில் பக்க எண் எழுதினேன், பதிவுத் தபாலில் சேர்த்தேன். அழகான கட்டு. இன்றைக்கும் சொல்வேன், அந்த அலுவலகத்துக்கு அவ்வளவு நேர்த்தியான விண்ணப்பம் வந்திருக்காது.

இரண்டு நாள் கழித்து அக்கா மேசையைத் துழாவினாள். "தம்பி, அவர் சொன்னது ரெண்டு பக்கம் இருந்துச்சே?"

"கட்டுல இருக்கு."

"எந்தக் கட்டுல?"

அப்போதுதான் என் மூளை கண் விழித்தது.

"அடப்பாவி! எனக்கு எதிரான மனுவை என் விண்ணப்பத்தோடவே அனுப்பிட்டியா?"

"எதிர்மனு இல்லாம கட்டு குடுத்தா எந்தக் குமாஸ்தா வாங்குவான்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கட்சிக்காரர்களிடம், "அந்தப் பக்கத்து மகானுபாவர்கிட்ட ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அக்கா, அவள் கணவர், நான், மூன்று பேரும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமே, கூடவே ஒட்டிக்கொண்டேன். நேர்காணல் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, சாத்தினால் ஒரு சாண் திறந்துகொண்டது. நானும் அவள் கணவரும் நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட பேராசிரியை. அவர் கையில் என் கட்டு.

"இத்தனை வருஷத்துல எதிர்மனுவோட விண்ணப்பம் போட்டது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

"நாலாவது பத்தி. சட்டத்து மேல ஆசை இல்ல, புள்ளியியல் மேல பயம்னு இருக்கு. என்ன சொல்றீங்க?"

'மறுக்கப்படுகிறது' என்ற வார்த்தையை அக்கா வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பாள்! ஒரே ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் போதும். சொல்லிவிடு தாயே என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"மறுக்கல மேடம்" என்றாள். "பயம் உண்மை. கணக்குன்னா எனக்குக் கை நடுங்கும். ஆசை இல்லன்னு சொன்னது மட்டும் தப்பு."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் அவள் கணவர் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயத்தை ஒத்துக்கிட்டா, உங்களுக்குச் சட்டம் வரும்னு நாங்க எதை வச்சு நம்பறது?"

"முதல் பத்தியைப் படிங்க மேடம். எனக்குச் சட்டம் வரும், சந்தேகமே இல்லன்னு அவரே சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கார். எதிர்த்தரப்பே ஒத்துக்கிட்டதை நான் எதுக்கு மேடம் நிரூபிக்கணும்?"

மூன்று பேரும் குனிந்து முதல் பத்தியைப் படித்தார்கள். பிறகு பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், தாழ்ப்பாள் சரியில்லாத கதவு இன்னும் ஒரு சாண் திறந்துகொண்டது.

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். "அஞ்சு வருஷப் படிப்பு உங்களுக்குக் கிடையாது" என்றார் பேராசிரியை. "பதினேழு வயசுப் பசங்களுக்கு அஞ்சு வருஷத்துல சொல்லிக் குடுக்கறதுல பாதி உங்களுக்கு இப்பவே தெரியும். மூணு வருஷ மாலை வகுப்புல ஒரு இடத்தை நிறுத்தி வைக்கறோம். ஏழு வாரத்துல துணைத் தேர்வு இருக்கு. அந்தப் பேப்பரைப் பாஸ் பண்ணிட்டு வந்தா இடம் உங்களுக்கு. இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். சரியா?"

"சரி மேடம்." அக்கா தலையாட்டினாள்.

"எதிர்மனுதாரர் வந்திருக்காரா?"

கணவர் எழுந்து கதவிடுக்கில் போய் நின்றார். "மூணு வருஷத்துக்கு ஆட்சேபணை உண்டா?"

"இல்லீங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "சந்தோஷம்ங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த ஏழு வாரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மகள்தான் வாத்தியார். வயிற்றில் இருந்து பரீட்சையைக் கெடுத்தவளே வந்து கடையில் உட்கார்ந்து, "அம்மா, திரும்பவும் கூட்டல்ல தப்பு. கவனம் எங்க இருக்கு?" என்று விரட்டினாள். மூன்று வாரம் ஒன்றும் ஏறவில்லை. சராசரியாம், திட்ட விலக்கமாம், அக்கா அந்தத் தாளைப் பார்த்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். ஒருநாள் மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, இந்தச் சந்துல இருக்கற பத்து வக்கீலை எடுத்துக்கோ. ஒவ்வொருத்தர் கேஸும் எத்தனை வாய்தா போகும்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், அக்காவுக்குக் கண் பிரகாசமானது. மனப்பாடமாகப் பத்து எண்ணையும் சொன்னாள். கூட்டினாள், வகுத்தாள், நிமிர்ந்தாள். "சராசரி பதினாலு வருது. ஆனா ஒன்பது பேர் பதினாலுக்குக் கீழதான் இருக்காங்க. கடைசி ஆள் ஒருத்தரே மொத்தத்தையும் மேல இழுத்துட்டாரே!"

"அதான்மா புள்ளியியல்!" என்று மகள் கத்தினாள்.

கடைசி ஆள் யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எழுதமாட்டேன், எனக்கு வியாபாரம் வேண்டும்.

தேர்வு முடிவை நான்தான் முதலில் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. பாஸ் என்று போட்டிருந்தது. கத்தின கத்தலில் வாசல் போலீஸ்காரர் ஓடிவந்துவிட்டார். அந்தத் தாளை நாற்பது பிரதி எடுத்துச் சந்து முழுக்கக் கொடுத்தேன். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பாஸா? நிஜமாவா? நல்லாப் பாரு தம்பி" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் பார்த்துச் சொன்னேன். ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு அன்று மன்னிப்பும் கேட்டாள். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன்.

முதல் வகுப்பு ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறு மணிக்கு. ஐந்தரைக்கு இளம் வக்கீல் ஒருவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, அவசரம். நாளைக்குக் காலையில தாக்கல் பண்ணணும். ஒரு மணி நேரத்துல அடிச்சுடலாம், உக்காருங்க."

அக்கா கம்ப்யூட்டரை அணைத்தாள். "காலையில எட்டு மணிக்கு வாங்க சார். கோர்ட் திறக்கறதுக்குள்ள முடிச்சுத் தரேன். இப்ப காலேஜுக்கு நேரமாச்சு."

"பொண்ணைக் கூட்டிட்டு வரணுமா?"

"இல்ல சார். எனக்குக் காலேஜ்."

அவர் அணைந்த கம்ப்யூட்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழிவிட்டார். அக்கா நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெயில் சாய்ந்த சந்தில் வேகமாக நடந்து போனாள். திருப்பத்தில் அவள் கணவர் சைக்கிளோடு நின்றிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குக் கண்ணீர் வந்தது. தூசி விழுந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன், அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.