ஆறு விநாடி மறைந்த நட்சத்திரம்

மாதங்கி வெந்நீரில் துணியைப் பிழிந்து வைத்தீஸ்வரனின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கொல்கத்தா வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். மாத்திரையை விழுங்கிவிட்டதாகச் சொன்னால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். லேக் கார்டன்ஸில் இருந்த வைத்தீஸ்வரன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வயது எண்பது.

போன வாரம் சாப்பிடும்போது கையில் கரண்டியோடு சில விநாடிகள் அப்படியே உறைந்துபோனார். கூப்பிட்டும் பதில் இல்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் மாடிக் கதவைப் பூட்டி, அப்பாவை ஊரின் மறுகோடியில் சால்ட் லேக்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவதாக மகள் பிரபா சொல்லிவிட்டாள். அவருடைய டெலஸ்கோப் மாடியில்தான் இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு ஒரு நட்சத்திரம் மறையும் என்றார் அவர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கரிநிறப் பாறை ஒன்று அதன் குறுக்கே போகுமாம். பாறை மட்டும் கண்ணுக்குத் தெரியாதாம். தெரியாத ஒன்றுக்கு யார் சாட்சி என்று மாதங்கிக்குத் தோன்றியது. கூடவே ஏறினாள்.

மறையும் நேரத்தைக் கணக்கிட, போனில் விநாடிச் சத்தம் ஓட, ஒலிப்பதிவும் ஓடியது. லென்ஸில் கண் வைத்தபடியே "போயிடுத்து" என்றார். பிறகு "வந்துடுத்து" என்றார். பூரிப்போடு திரும்பினார்.

"ஆறு விநாடி, மாதங்கி!"

"போனது நட்சத்திரமா, நீங்களா சார்?"

"ஒனக்கு எப்பவும் போலீஸ் கண்ணு."

டார்ச் அடித்து வாய்க்கோணல் பார்த்தாள். இரண்டு கையையும் இறுக்கச் சொன்னாள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த மாதிரி மயக்கம் தடயம் விடாது. மயங்கியதை மறைக்க நட்சத்திரத்தைச் சொல்கிறாரோ? போனை வாங்கிப் பதிவைக் கேட்டாள்.

"போயிடுத்து." அடுத்து அவளுடைய குரலே கேட்டது: கம்பளி போடட்டுமா? அதை இதற்கு நடுவில்தான் கேட்டோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. உடனே அவர்: "வேண்டாம், பேசாம இரு." பிறகுதான் "வந்துடுத்து".

மூன்று தடவை கேட்டாள். நினைவு தப்பியவர் அதட்டமாட்டார். ஆனால் போன வாரத்துக் கரண்டிக்கு எந்தப் பாறையும் பொறுப்பில்லை.

மறுநாள் காலை பிரபாவைப் போனில் அழைத்து, நட்சத்திரம் மறைந்த கதையைச் சொல்லி, மாடியைப் பூட்ட வேண்டாம் என்றாள். வங்காளிகள் மாதிரி அவளைச் சித்தி முறையில் மாசி என்று கூப்பிடும் பிரபாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அப்பா சொல்லச் சொன்னாரா, மாசி?"

மாதங்கி ஒலிப்பதிவை அனுப்பினாள். பிறகு நரம்பு டாக்டரின் கிளினிக்கைக் கூப்பிட்டு, கரண்டி விஷயத்தைச் சொல்லி, அன்றே பதினொரு மணிக்கு நேரம் வாங்கினாள். வைத்தீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டாள்.